எஸ்தரின் தாய்வழி

2025 நவம்பர் 8, சனிக்கிழமை. பிழை: இது நேற்று நடந்தது, இன்றுதான் எழுதுகிறேன். சபை வாசலில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று விருந்தினருக்கு, மற்றது வேலையாட்களுக்கு. காவலர் இரண்டாவதைக் காட்டினார். நான் அதில் கையெழுத்து வைத்தேன். தெரிந்த பிறகும் திருத்தவில்லை.

கஜாலினி பேனையை மூடிவிட்டு எழுதியதை இரண்டு தரம் வாசித்தாள். கையெழுத்து வைத்தது பிழையா, திருத்தாமல் விட்டது பிழையா? ஒரு நாளுக்கு ஒரு பிழை, அதன் கீழே மறுநாளுக்கு ஒரு வேலை. அதற்கு மேல் எழுதக் கூடாது என்பது சேதுமாதவன் சாரின் கட்டளை. துபாய் கராமாவில் அவர் நடத்தும் மாலை வகுப்பில் அலுவலக நிர்வாகம் படிக்கிறவர்கள் இருபத்திரண்டு பேர். மற்ற இருபத்தொரு பேரும் முதல் வாரத்தோடு அந்த நோட்டை மறந்துபோனார்கள். கஜாலினி எட்டு மாதமாக எழுதுகிறாள். எழுதாமல் விட்டால் அதைவிடப் பெரிய பிழை ஒன்றைச் செய்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயம்.

வயது இருபத்தைந்து. யாழ்ப்பாணத்துக் கைதடியிலிருந்து வந்து மூன்று வருடம். பகலில் ஷார்ஜாவில் ஒரு சரக்கு கிளியரிங் ஆபீசில் பத்திரங்களை அடுக்குகிற வேலை. அங்கேயே ரோலாவில் ஒற்றை அறை வீட்டில் அண்ணன் சஜீவனோடும் அவன் மகள் எஸ்தரோடும் இருந்தாள். எஸ்தருக்கு எட்டு வயது. அவளுடைய தாய் ஷிரின் இறந்து பதினொரு மாதம் ஆகிறது.

ஷிரின் ஈரானில் ஷிராஸ் நகரத்துக்காரி, யூதப் பெண். துபாயில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்தாள். அங்கே ஏசி திருத்தப் போன சஜீவன் தேவையே இல்லாமல் நாலு தரம் போய் வந்தான். கொழும்பில் பதிவுத் திருமணம் செய்தார்கள். ஷிராஸில் அவளுடைய வீட்டார் அவளோடு உறவை விட்டுவிட்டார்கள், அக்கா பர்வானே ஒருத்தியைத் தவிர. மகளுக்கு எஸ்தர் என்று பேர் வைத்தபோது ரோலாத் தமிழர்கள் எல்லாரும் வேதக்காரப் பிள்ளை என்றே நினைத்தார்கள். ஞாயிறுப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி கீழ் மாடி வீட்டம்மா மூன்று தரம் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

கடைசி மாதத்தில், ஆஸ்பத்திரியில், ஷிரின் கஜாலினியின் கையைப் பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "என்னை எரிக்க வேண்டாம். எஸ்தரை என் ஆட்களிடம் கொண்டுபோய் விடு. அவள் தனி ஆகக் கூடாது."

முதலாவதை சஜீவன் செய்தான். முஸ்லிம் அல்லாதவர்களின் மயானத்தில் புதைத்தார்கள். அவளுக்கு உரிய ஜெபம் சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை. இரண்டாவது கஜாலினியின் பொறுப்பாயிற்று. நோட்டின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டாள். வளைகுடாவில் யூதர்கள் கூடுகிற இடங்கள் என்று கேள்விப்பட்டவை மூன்று. ஒன்று பதிலே போடவில்லை. இன்னொன்று, நிலைமை சரியில்லை, புதியவர்களை இப்போது சேர்ப்பதில்லை என்றது. மூன்றாவது சபையிலிருந்து நவோமி என்ற பெண் அன்பாக எழுதினாள், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று. இடத்தைப் புறப்படுகிற அன்றுதான் சொன்னார்கள்.

அது ஒரு தனி வில்லா. வெளியே பெயர்ப்பலகை இல்லை. வாசலில் நேபாளிக் காவலர் எஸ்தரைப் பார்த்தார், கஜாலினியைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நிறம்தான். ஆனால் எஸ்தருக்குத் தாயின் பச்சைக் கண்.

"பேபி உள்ளே. தீதி, நீங்க இந்தப் பக்கம் சைன்," என்றார்.

கூட வருகிறவர்கள் இருக்கிற இடம் பெண்களுக்கான தனிப் பகுதியாக இருக்கும் என்று கஜாலினி எண்ணினாள். பெண்கள் தனியாக இருப்பார்கள் என்று படித்திருந்தாள். காவலர் கொண்டுபோய் விட்டது சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை. அங்கே நாலு பிலிப்பினோ ஆயாக்கள் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"புதுசா? மேடம் நல்லவளா?"

"எனக்கு மேடம் இல்லை."

"அப்ப சார் மட்டுமா? கவனம் சிஸ்டர்!" என்றாள் அவள். மற்ற மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டுத் தொடங்கியது. ஷிரின் வெள்ளி மாலைகளில் அடுப்படியில் முணுமுணுத்த பாட்டுகளில் ஒன்றாவது வருமா என்று கஜாலினி காது கொடுத்தாள். ராகம் வேறாக இருந்தது. எழும்பிப் போய், நான் பிள்ளையின் தகப்பனுடைய தங்கச்சி என்று சொல்லலாம். யாரிடம் சொல்வது? ஜெபத்தின் நடுவில் போய்ச் சொல்வது மரியாதையா? அதை யோசித்து முடிப்பதற்குள் ஜெபம் முடிந்துவிட்டது.

வெள்ளி மாலை தொடங்குகிற ஓய்வு நாளில் அவர்கள் வாகனத்தில் ஏறுவதில்லை என்று படித்திருந்ததால், வாசலில் டாக்சி பிடிக்காமல் எஸ்தரை இரண்டு தெரு நடத்திக் கூட்டிப்போனாள். பிறகு ஷார்ஜா பஸ். எஸ்தர் ஜன்னலோரம் இருந்தாள்.

"எப்பிடி இருந்தது?"

"நைஸ். பிரெட் தந்தவை. ஒரு கேர்ள் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவ."

"வேற?"

எஸ்தர் ஜன்னல் கண்ணாடியில் விரலால் கோடு போட்டாள். "மாமி, கோவிப்பீங்களோ?"

"சொல்லு."

"உங்களை, என்னைப் பாக்கிற நானியோ எண்டு கேட்டவை. நான் ஓம் எண்டு சொல்லிட்டன்."

கஜாலினி பிள்ளையின் சட்டைக் காலரை நேராக்கினாள்.

"ஓம் எண்ட உடனே கேக்கிறதை நிப்பாட்டிட்டினம் மாமி. இல்லாட்டி கேட்டுக்கொண்டே இருப்பினம். ஸ்கூல்லயும் அப்பிடித்தான்."

"சரி. பரவாயில்லை."

பரவாயில்லை என்று சொல்லியிருக்கக் கூடாது என்று அல் நஹ்தா தாண்டும்போது தோன்றியது. அதற்குள் பிள்ளை நித்திரையாகிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நவோமி போன் செய்தாள். ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தவள், குரலில் அவசரமே இல்லை. கஜாலினியை எங்கே இருத்தினார்கள் என்று அன்றுதான் அவளுக்குத் தெரியவந்திருந்தது. நாலு தரம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"சிறுவர் வகுப்பு இருபத்துமூன்றாம் தேதி தொடங்குகிறது. எஸ்தர் அதில் சேர வேண்டும் என்று எனக்கு ஆசை. எங்களிடம் பிள்ளை தாய்வழிதான். ஷிரின் யூதப் பெண் என்பதற்கு ஏதாவது ஒரு பத்திரம் இருந்தால் போதும். நான் நம்புகிறேன், கஜா. எங்கள் மதகுரு ரபிக்குத்தான் தாள் வேண்டும். இருபதாம் தேதிக்குள் கிடைத்தால், இருபத்தொன்று வெள்ளிக்கிழமை குடும்பமாக வாருங்கள். நானே வாசலில் நிற்பேன்."

கடிதமாகவும் அனுப்பிவைத்தாள். சபையின் தலைப்புத் தாளில், ரபியின் கையொப்பத்தோடு, வகுப்பு நடக்கும் இடமும் நேரமும் குறித்து. பத்திரங்கள் குடும்பத்தாரின் பார்வைக்கு மட்டும் என்று அடியில் ஒரு வரி இருந்தது.

சஜீவன் டியூட்டி முடிந்து வந்து, சப்பாத்துக் கழற்றாமலே அதை வாசித்தான்.

"என்னவாம் வேணும்?"

"ஷிரின் அண்ணியின்ர தாய் தகப்பன்ர கலியாணப் பத்திரம். இல்லாட்டி அந்த ஊர் ரபியிட்ட இருந்து கடிதம். இல்லாட்டி கல்லறைக் கல்லின்ர படம்."

"கல்லோ? அவளின்ர குழியில நம்பர்தான் கிடக்கு. எடுத்து அனுப்பிவிடன்."

"பகிடி விடாதேங்கோ அண்ணா."

"பகிடி இல்லையடி. நான் கட்டேக்க எங்கட அம்மா என்ன கேட்டவ தெரியுமோ? அவள் என்ன ஆக்கள் எண்டு. ஈரான்காரி எண்டன். அது தெரியும், அதுக்குள்ள என்ன ஆக்கள் எண்டா. இப்ப இவையள் கேக்கினம். எல்லாரும் சொந்தக்காரர்தான் போல."

கஜாலினி சிரிக்கவில்லை. அவன் சப்பாத்தைக் கழற்றினான்.

"உண்மையா பிள்ளைக்கு அங்க இடம் கிடைக்குமோ?"

"நவோமி நல்லவ அண்ணா. பத்திரம் கிடைச்சால் சேர்ப்பினம். பத்திரம் பர்வானே அக்காட்ட இருக்கும்."

"போனில கேட்டுப்போடாத." சஜீவனின் முகம் மாறியது. "அது ஷிரின்ர சட்டம். போனில சோறு, மழை, பல்லுக்குத்து. அவ்வளவுதான். வேற எதெண்டாலும் உம்மு ஹானியிட்டக் குடுத்துத்தான் விடுறவள். பத்து வருசம் அப்பிடித்தான்."

உம்மு ஹானி துபாய் தேய்ராவில் மசாலாக் கடை வைத்திருந்தவர். அவருடைய ஆட்கள் லாஞ்சில் கடல் தாண்டி ஈரானின் லெங்கே துறைமுகத்துக்குப் போய்வருவார்கள். அங்கிருந்து யாராவது ஷிராஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். போய் வர மூன்று வாரம், சில வேளை நாலு. இந்தக் கரையில் இருக்கிற யூத சபையோடு எழுத்தில் தொடர்பு வைத்திருப்பது தெரிந்தால், அந்தக் கரையில் இருக்கிறவர்களை விசாரணைக்குக் கூட்டிப்போவார்கள் என்று ஷிரின் பயந்தாள்.

கஜாலினி நாட்காட்டியை எடுத்து எண்ணினாள். பதினொரு நாள். அண்ணனிடம் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வான் என்பது தெரியும்.

இரண்டு நாள் யோசித்தாள். பன்னிரண்டாம் தேதி, ஆபீசில் மதிய இடைவேளையில், சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே பர்வானேயின் எண்ணுக்கு எழுதினாள். பர்வானே முன்பு ஆங்கில ஆசிரியை, எதையும் சுற்றி வளைக்கத் தேவையில்லை. ஒன்று, எஸ்தர் நலம். இரண்டு, சபையில் சேர்க்க உங்கள் பெற்றோரின் கலியாணப் பத்திரத்தின் படம் வேண்டும். மூன்று, கடைசித் தேதி இருபது. வாசித்துப் பார்த்தாள். ஏதோ குறைவது போலிருந்தது. முன்பின் பேசாத ஒருத்தி திடீரென்று குடும்பப் பத்திரம் கேட்டால் யார் நம்புவார்கள்? ஓர் ஆவணம் கேட்கிறபோது எதற்காகக் கேட்கிறோம் என்கிற கடிதத்தையும் கூடவே இணை, இணைக்காத கோரிக்கை குப்பைக்குத்தான் போகும் என்று சேதுமாதவன் சார் போன வாரம்தான் சொல்லியிருந்தார். சபையின் கடிதத்தை இணைத்தாள். அனுப்பினாள்.

அன்றைய நோட்டில் பிழை என்ற இடத்தில், இடைவேளை எட்டு நிமிடம் கூடிவிட்டது என்று எழுதினாள்.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. பதினாலாம் தேதி காலை ஒரு படம் வந்தது. பழுப்பேறிய பெரிய தாள், ஓரம் முழுக்க நீலப் பூவும் சிவப்புப் பூவும். நடுவில் கட்டம் கட்டமாக எபிரேய எழுத்து. தாளின் கீழ் மூலையைப் பிடித்திருந்த ஒரு பெருவிரல் மட்டும் படத்தில் விழுந்திருந்தது. நகம் உடைந்திருந்தது. கூட ஒரு சொல்லும் இல்லை.

கஜாலினி நன்றி என்று எழுதினாள். அது போய்ச் சேரவில்லை. பின்னேரம் பார்த்தபோது பர்வானேயின் முகப் படம் இருந்த இடத்தில் சாம்பல் வட்டம். இணையம் இல்லையாக்கும் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே இருந்தது. அதற்கு அடுத்த நாளும்.

பதினாறாம் தேதி படத்தை நவோமிக்கு மின்னஞ்சலில் அனுப்பினாள். முழு விவரமும் ஒரே கோப்பில் இருக்கட்டும் என்று, தான் பர்வானேக்கு எழுதியதையும் படம் பிடித்துச் சேர்த்தாள்.

மறுநாள் நவோமி போனில் கிட்டத்தட்ட அழுதாள். "ரபி தானே வாசித்தார். அப்படி ஓர் அழகான பத்திரத்தைப் பார்த்ததே இல்லை என்றார். இனி ஒரு கேள்வியும் இல்லை. எஸ்தர் எங்கள் பிள்ளை."

அன்றைக்கு எஸ்தர் கட்டிலில் ஏறிக் குதித்தாள். "இனிக் கேட்டால் மை மாமி எண்டு சொல்லுவன்," என்றாள். எபிரேய எழுத்து இருபத்திரண்டையும் கணக்குக் கொப்பியில் எழுதத் தொடங்கினாள், ஒரு நாளைக்கு ஆறு என்று. சஜீவன் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பத்திரம் எப்படி வந்தது என்று அவன் கேட்டான். கிடைத்தது என்றாள் கஜாலினி. உம்மு ஹானி வழியாக வந்ததென்று அவன் எடுத்துக்கொண்டான். ஒரு வாரத்தில் எப்படி வரும் என்று அவனும் எண்ணிப் பார்க்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இருபதாம் தேதி வியாழக்கிழமை நவோமி நேரில் சந்திக்க வேண்டும் என்றாள். மாலை வகுப்பை விட்டுவிட்டுக் கஜாலினி மம்ஸார் பூங்காவுக்குப் போனாள். நவோமி கடலைப் பார்த்த பெஞ்சில் இருந்தாள். எழும்பிக் கட்டிப்பிடித்தாள், பிறகு கையை விடாமலே பேசினாள்.

"நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலை நான் முழுக்கக் கீழே வரை பார்க்கவில்லை. நேற்று எங்கள் பாதுகாப்புப் பொறுப்பாளர் பார்த்தார். எங்கள் கடிதத்தை ஷிராஸுக்கு அனுப்பியிருக்கிறீர்கள்."

"எஸ்தரின் பெரியம்மாவுக்கு."

"அதில் ரபியின் பேர் இருந்தது. பிள்ளைகள் எங்கே, எத்தனை மணிக்குக் கூடுவார்கள் என்று இருந்தது."

"குடும்பத்தாருக்கு மட்டும் என்று போட்டிருந்தது. அவர் குடும்பம்தானே."

"தெரியும்." நவோமி கண்ணை மூடித் திறந்தாள். "அவர் பதில் போடுகிறாரா?"

"படம் அனுப்பினார். பிறகு எண் இல்லை."

"எத்தனை நாள்?"

"ஆறு."

"அப்படியென்றால் அந்தக் கடிதம் இப்போது யார் கையிலோ," என்றாள் நவோமி. ஒரு குடும்பம் பக்கத்துப் புல்லில் பாயை விரித்து பிரியாணிப் பொதியை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

"யாரோ ஓர் ஆயா தெரியாமல் அனுப்பியிருப்பாள் என்று எங்கள் பொறுப்பாளர் எழுதியிருந்தார். அது பிள்ளையின் அத்தை என்று நான் திருத்தினேன். திருத்தாமலே விட்டிருக்கலாமோ என்று பிறகு நினைத்தேன்." குரல் தாழ்ந்தது. "வகுப்பு வேறு இடத்துக்கு மாறுகிறது. அந்த இடத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு. நாளையும் வர வேண்டாம், கஜா. கொஞ்சக் காலத்துக்கு."

"எவ்வளவு காலம்?"

"எனக்குத் தெரியாது. எஸ்தர் யூதப் பிள்ளை என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அதை நீங்கள் நிரூபித்துவிட்டீர்கள்."

"பிழை என்னுடையது. பிள்ளையை மட்டும் கூட்டிப்போங்கள். நான் வாசலுக்கும் வரமாட்டேன். என் எண்ணை அழித்துவிடுங்கள்."

"கேட்டுப் பார்த்தேன். எண்பது குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பயந்திருக்கிறார்கள்." நவோமி கைப்பையின் வாரைச் சுருட்டினாள், விரித்தாள். "நான் வரலாம். ரோலாவுக்கு. எப்போதாவது ஒரு மாலை, நான் மட்டும், மெழுகுவர்த்தி கொண்டு. உங்கள் அண்ணனுக்கு ஆட்சேபம் இல்லையென்றால்."

கஜாலினி தலையை ஆட்டினாள். சரி என்பதா இல்லையென்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது எஸ்தர் பக்கத்து வீட்டு ஹஃபீஸாவின் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அப்பால் சத்தம் கேட்டது. சஜீவன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். கஜாலினி நின்றபடியே தொடக்கத்திலிருந்து சொன்னாள், ஒன்றையும் விடாமல், தேதி தேதியாக. அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"நான் என்ன சொன்னனான்?"

"போனில கேக்க வேண்டாம் எண்டு."

"நீ என்ன செய்தனி?"

"கேட்டனான்."

"கடிதத்தையும் வைச்சு."

"ஓம்."

அடிக்கத்தான் போகிறான் என்று நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பர்வானேயின் எண்ணை அழுத்தினான். பாரசீகத்தில் ஒரு பெண் குரல், பதிவுசெய்த குரல், ஏதோ சொன்னது. அவன் முழுக்கக் கேட்டான். மறுபடி அழுத்தி மறுபடி கேட்டான்.

"ஷிரின் இருந்தாளெண்டால் இது என்ன சொல்லுது எண்டு கேட்டிருக்கலாம்," என்றான்.

"அண்ணா..."

"பர்வானே பயந்து தானா நிப்பாட்டியிருக்கலாம். படத்தை அனுப்பிப்போட்டு, போனைத் தூக்கி எறிஞ்சிருக்கலாம். கெட்டிக்காரி அவள்." அதை நம்ப முயல்கிறவன் போலச் சொன்னான். "இல்லாட்டி வேற மாதிரியும் இருக்கலாம். எங்களுக்கு ஒருத்தரும் வந்து சொல்லப்போறதில்லை."

"நவோமி இஞ்ச வாறன் எண்டவ."

"வந்து?"

"மெழுகுதிரி கொளுத்த."

சஜீவன் மறுபடி கத்தியை எடுத்தான். "யோசிப்பம்," என்றான். வெட்டவில்லை. "பிள்ளைக்கு ஆர் சொல்லுறது? சட்டை எல்லாம் அயர்ன் பண்ணி வைச்சிருக்கிறாள்."

"நான் சொல்லுறன்."

"என்னெண்டு சொல்லுவாய்?"

அவன் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கஜாலினி மேசையில் இருந்த கணக்குக் கொப்பியை நகர்த்தி வைத்துவிட்டு, அந்த இடத்தில் தன் நோட்டை விரித்தாள்.

2025 நவம்பர் 20, வியாழக்கிழமை. பிழை: இன்று செய்ததல்ல. 12ஆம் தேதி செய்தது. அன்றைய பக்கத்தில் எட்டு நிமிடம் என்று எழுதியிருக்கிறேன்.

நாளை: எஸ்தர் எழும்பி முகம் கழுவியதும், மாலை நாங்கள் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் இல்லை என்று சொல்ல வேண்டும். காரணம் நான் என்று சொல்ல வேண்டும். பெரியம்மாவைப் பற்றிக் கேட்டால், தெரியாது என்று சொல்ல வேண்டும்.